ஒளிப்படத்தை ஓவியமாக்கும் எடிட்டிங்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் ஓட்டு வீட்டின் முற்றத்து ஓரத்தில் அப்பாயி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. காலை வெயில் முற்றத்தின் திறப்பு வழியாக இடப்பக்கமிருந்து இறங்கி அவருடைய கன்னத்திலும் கைகளிலும் விழுகிறது. பின்னால் நிழல். அந்த நிழலுக்குள் ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி, சுவரில் தொங்கும் மின்கம்பி, ஸ்விட்ச் போர்டு, நாட்காட்டி. கேமரா இவை அத்தனையையும் சம அக்கறையோடு பதிவு செய்திருந்தது. அந்த நேரத்தில் என் கண்ணில் பட்டதோ கன்னமும் கைகளும் மட்டுமே.

ஓர் ஓவியர் அங்கே உட்கார்ந்திருந்தால் வாளியை வரையாமல் விட்டிருப்பார். அவ்வளவுதான் அவருடைய சிரமம். நாமோ அதைப் பதிவு செய்துவிட்டு, பிறகு அழிக்க வேண்டியிருக்கிறது. ஒளிப்படத்தை ஓவியம்போல் மாற்றும் எடிட்டிங்கில் பெரும்பகுதி இப்படி விடுவதும் கரைப்பதும்தான். பொத்தானை அழுத்தினால் எண்ணெய் ஓவியமாக்கித் தரும் செயலிகள் ஏராளம். அவை தரும் படங்கள் எல்லாம் ஒரே சாயலில் இருப்பதற்குக் காரணம், எதை விடுவது என்று அவற்றுக்குத் தெரியாததுதான். அந்த முடிவை நீங்கள் எடுக்க வேண்டும். எப்படி எடுப்பது என்பதை அப்பாயியின் படத்தை வைத்தே சொல்கிறேன்.

படத்தை இவ்வளவு மாற்றலாமா?

புதிதாக வருகிறவர்கள் முதலில் தயங்கும் இடம் இது. தயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் தொடங்கினால் கை பாதியிலேயே நின்றுவிடும்.

1857-லேயே ஆஸ்கர் ரெய்லாண்டர் என்ற ஒளிப்படக்காரர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். இங்கிலாந்தில் படமெடுத்த ஜூலியா மார்கரெட் கேமரன் வேண்டுமென்றே குவியத்தை (ஃபோகஸ்) தவறவிட்டு முகங்களை மென்மையாக எடுத்தார். அதற்காக அவர் காலத்து விமர்சகர்கள் அவரைக் கடிந்துகொண்டார்கள். பிரான்சின் ராபர்ட் டெமாஷி செய்தது இன்னும் நேரடியான கைவேலை. வேல மரப் பிசினையும் வண்ணப் பொடியையும் டைக்ரோமேட் உப்பையும் கலந்து காகிதத்தில் பூசி, நெகட்டிவ் வழியே ஒளி காட்டுவார். ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடம் தண்ணீரில் கரையும். அப்படிக் கரையும்போது தூரிகையால் வேண்டாத விவரங்களைத் துடைத்துவிடுவார். இன்று நாம் லேயர் மாஸ்க் மேல், அதாவது ஓர் அடுக்கின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மறைப்பின் மேல், பிரஷ் ஓட்டுவது ஏறக்குறைய அதே செயல். அமெரிக்க ஒளிப்படக்காரர் எட்வர்ட் ஸ்டைக்கன் 1904-இல் எடுத்து, அச்சில் கையால் நிறம் சேர்த்த நிலவொளிக் குளத்தின் படம் 2006-இல் நியூயார்க் ஏலத்தில் 29 லட்சம் டாலருக்கு விற்றது.

நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் இந்த வேலை இருந்தது. நெகட்டிவில் பென்சிலால் சுருக்கங்களை மறைப்பார்கள். கறுப்பு வெள்ளை அச்சின் மேல் சேலைக்கும் நகைக்கும் கையால் வண்ணம் தீட்டுவார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் அப்படித் தீட்டிய பெரிய படங்களை இன்றும் பார்க்கலாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதற்கும் மதிப்பு உண்டு. 1932-இல் அன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் உள்ளிட்ட அமெரிக்க ஒளிப்படக்காரர்கள் சேர்ந்த எஃப்/64 குழு, ஒளிப்படம் ஓவியத்தைப் போலச் செய்யக் கூடாது, கூர்மையாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்றது. இரண்டில் எது உங்கள் வழி என்பது உங்கள் விருப்பம். செய்திப் படத்தில் மட்டும் விருப்பத்துக்கு இடமில்லை. நேஷனல் ஜியாக்ரஃபிக் 1982 பிப்ரவரி இதழின் அட்டைக்காகக் கீசாவின் பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்தது. அதற்காக எழுந்த கண்டனம் இன்றும் அந்த இதழைத் தொடர்கிறது. வெள்ளம், போராட்டம், விபத்து போன்ற படங்களில் இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் செய்யாதீர்கள். போட்டிக்கு அனுப்புவதானால் விதிகளை முதலில் படியுங்கள். பல போட்டிகளில் பொருட்களை நீக்குவதற்கே அனுமதி இல்லை.

என்னென்ன வேண்டும்

ஒரு கணினியும் கிம்ப் மென்பொருளும் போதும். கிம்ப் இலவசம். ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும். பெயர்கள் சற்று மாறும். தூரிகை வேலையை விரும்புகிறவர்கள் கிரிட்டாவையும் நிறுவிக்கொள்ளலாம், அதுவும் இலவசம். பேனாவால் வரையும் டேப்லெட் இருந்தால் சுகம். நான் முதல் இரண்டு ஆண்டுகள் மவுஸ் வைத்துத்தான் செய்தேன். கைபேசி மட்டுமே இருந்தால் ஸ்னாப்சீட்டில் பழகலாம். ஒரு மாற்றத்தைச் செய்த பிறகு, செய்த மாற்றங்களின் பட்டியலுக்குள் போய் அதை வேண்டிய இடத்தில் மட்டும் விரலால் பூசும் வசதி அதில் உண்டு.

முதலில், படத்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாப் படமும் ஓவியமாகாது. ஒளி ஒரே திசையிலிருந்து வர வேண்டும். நண்பகல் வெயிலில் எடுத்த கூட்டத்தையும், முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்த படத்தையும் ஒதுக்கிவிடுங்கள். படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் ஒரு வடிவம் தெளிவாகத் தெரிந்தால் வேலையைத் தொடங்கலாம். அப்பாயி படம் அந்த அளவிலும் இருட்டுக்குள் வளைந்த ஓர் உருவமும் கீழே ஒரு வெளிச்சத் திட்டுமாக நின்றது.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துத் தொடங்க வேண்டாம். ஜேபெக் கோப்பு படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. மீண்டும் மீண்டும் சுருங்கிய படத்தில் மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) ஏற்றியவுடன் அந்தக் கட்டங்கள் தரை ஓடுபோல மேலே வந்துவிடும். முடிந்தால் ரா கோப்பில், அதாவது கேமரா பதிவு செய்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் கோப்பில் எடுங்கள். இல்லையென்றால் கேமராவிலிருந்து நேராக எடுத்த ஜேபெக் பரவாயில்லை. ஒருவரிடமிருந்து வாங்குவதானால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

ரா கோப்பைத் திறக்க டார்க்டேபிள் அல்லது ராதெரபி போன்ற மென்பொருள் வேண்டும். இந்தக் கட்டத்தில் படம் சோர்வாக, மங்கலாக இருப்பதே நல்லது. வெளிச்சப் பகுதிகளை அடக்குங்கள், நிழலைச் சற்றுத் திறந்துவிடுங்கள், கூர்மையாக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். 8 பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். இவ்வளவு வேலைக்குப் பிறகு இருண்ட சுவரில் பட்டை பட்டையாகத் தெரியும்.

துடைத்து எடுப்பது

கிம்ப்பில் குளோன், ஹீல் என்று இரண்டு கருவிகள். குளோன் ஓர் இடத்தை இன்னோர் இடத்தின் மேல் அப்படியே நகலெடுக்கும், ஹீல் அதைச் சுற்றியுள்ள நிறத்தோடு கலந்துவிடும். பெரிய பொருளுக்குக் குளோன், சிறு கறைக்கு ஹீல். மின்கம்பி, ஸ்விட்ச் போர்டு, வாளி மூன்றையும் எடுத்தேன். நாட்காட்டியை மட்டும் விட்டுவைத்தேன். தினமும் காலையில் அப்பாயிதான் தாளைக் கிழிப்பார். அந்த வீட்டின் நேரம் அதில் இருக்கிறது. இப்படி ஒவ்வொரு பொருளையும் கேளுங்கள்: இது இந்த மனிதருடையதா, அங்கே தற்செயலாகக் கிடந்ததா? முறமும் அம்மியும் அவருடையவை. வாளி யாருடையதாகவும் இருக்கலாம்.

நேர்த்தியாக அழிக்க மணிக்கணக்கில் மெனக்கெட வேண்டாம். அடுத்து வரும் கட்டங்களில் இந்தத் தழும்புகள் கரைந்துபோகும்.

ஒளியும் நிழலும்: பெரிய திட்டுகள்

நிறத்தைத் தொடும் முன் இதைச் செய்யுங்கள். புதியவர்கள் அதிகம் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான், படம் சொதப்புவதும் பெரும்பாலும் இதனால்தான்.

படத்தின் ஒரு நகலைக் கறுப்பு வெள்ளையாக்கி, வண்ணங்கள் பட்டியலில் உள்ள போஸ்டரைஸ் அமைப்பை 4-இல் வையுங்கள். படம் நான்கே சாயல்களாகக் குறைந்து ஒரு வரைபடம்போல நிற்கும். என் படத்தில் அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. அப்பாயியின் முதுகுக்குப் பின்னால் தரையில் விழுந்த வெயில் அவருடைய முகத்தைவிடப் பிரகாசமாக இருந்தது. கண் முதலில் அங்கேதான் ஓடியது.

இதைச் சரிசெய்யும் வழி: படத்தின் மேல் புதிய லேயர் (அடுக்கு) ஒன்றைத் திறந்து நடுச் சாம்பல் நிறத்தால் நிரப்புங்கள், நிறக் குறியீடு 808080. அதன் கலப்பு முறையை சாஃப்ட் லைட் என்று மாற்றுங்கள். சாம்பல் மறைந்து கீழே உள்ள படம் அப்படியே தெரியும். இப்போது மென்மையான பெரிய பிரஷ்ஷில், ஒளிபுகாத்தன்மையை 5 முதல் 10 சதவீதத்துக்குள் வைத்து, கறுப்பால் பூசினால் அந்த இடம் இருளும், வெள்ளையால் பூசினால் வெளிச்சமாகும். தரை வெயிலைப் பல தடவைகளில் மெல்ல மெல்ல அடக்கினேன். கன்னத்தின் எலும்பு மேட்டிலும் விரல் கணுக்களிலும் சிறிது வெள்ளை சேர்த்தேன். ஒரே இழுப்பில் முடிக்க நினைத்தால் கறை படிந்ததுபோல இருக்கும்.

தெளிவைக் கூட்டும் ஸ்லைடர்களையும் எச்.டி.ஆர். பொத்தானையும் இங்கே தொடாதீர்கள். அவை விளிம்புகளின் இருபுறமும் வெளிச்ச வேறுபாட்டை ஏற்றுகின்றன; தலையைச் சுற்றியும் கூரை ஓரத்திலும் வெள்ளை ஒளிவட்டம் கிளம்பும். கோபுரத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். எந்த ஓவியத்திலும் அப்படி ஒரு கோடு இருக்காது.

விவரங்களைக் கரைப்பது

ஃபில்டர்களில் ஆர்ட்டிஸ்டிக் பிரிவில் ஆயிலிஃபை இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அதை அடக்கி ஆளலாம். ஒவ்வொரு பிக்சலைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் எந்த வெளிச்ச அளவு அதிகமாக இருக்கிறது என்று எண்ணி, அதன் நிறத்தையே அந்தப் பிக்சலுக்குக் கொடுக்கிறது. பெரும்பான்மை வெல்கிறது. அதனால் சிறு விவரங்கள் காணாமல் போகின்றன, பெரிய விளிம்புகள் தங்குகின்றன. அப்பாயியின் மூக்குத்தி அந்த வட்டத்துக்குள் சிறுபான்மை. ஃபில்டரைப் படம் முழுக்கப் போட்டால் முதலில் போவது அதுதான்.

எனவே சரிசெய்த படத்துக்கு இரண்டு நகல்கள் எடுங்கள். என் படம் 6000 பிக்சல் அகலம். மேல் நகலுக்கு வட்டத்தின் ஆரத்தை 20 என்றும், நடு நகலுக்கு 8 என்றும் வைத்தேன். உங்கள் படம் சிறியதானால் எண்களையும் அதே விகிதத்தில் குறையுங்கள். இரண்டுக்கும் வெள்ளை மாஸ்க் சேர்த்தேன். மாஸ்க்கில் வெள்ளை உள்ள இடத்தில் அந்த நகல் தெரியும், கறுப்பு பூசிய இடத்தில் அது மறைந்து கீழே உள்ளது தெரியும். மேல் நகலின் மாஸ்க்கில் அப்பாயியின் உருவம் முழுவதையும் கறுப்பால் பூசினேன். பெரிய தீற்றல்கள் சுவரிலும் தரையிலும் மட்டும் நின்றன. நடு நகலின் மாஸ்க்கில் முகத்தையும் கைகளையும் கீரையையும் கறுப்பால் பூசினேன். நடுத்தரத் தீற்றல் சேலையில் நின்றது. முகத்திலும் கைகளிலும் அசல் படம் அப்படியே தெரிகிறது. மாஸ்க்கின் ஓரங்களை மென்மையான பிரஷ்ஷால் பூசுங்கள். இல்லையென்றால் உருவம் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும்.

முகத்தில் எந்தத் தானியங்கி ஃபில்டரும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மூன்று தலைமுறை உழைப்பு எழுதிய சுருக்கங்களைப் பெரும்பான்மைக் கணக்குக்கு விடக் கூடாது.

கையால் தீட்டுவது

இப்போது தெரியும் அனைத்தையும் சேர்த்து ஒரு புதிய லேயராக்குங்கள். கிம்ப்பில் லேயர் பட்டியலிலேயே அதற்கான கட்டளை இருக்கிறது. ஸ்மட்ஜ் கருவியை எடுங்கள். ஈரமான வண்ணத்தை விரலால் இழுப்பதுபோல அது பிக்சல்களை இழுக்கும். வழவழப்பான வட்டப் பிரஷ் வேண்டாம். கிம்ப்புடன் வரும் அக்ரிலிக், பிரிசில்ஸ், சாக் வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இழுப்பின் வலு (ரேட்) 30 சதவீதத்தில் தொடங்கட்டும்.

தீற்றலின் திசை பொருளின் வடிவத்தைத் தொடர வேண்டும். சேலை மடிப்பில் மடிப்போடு மேலிருந்து கீழே. முன்கையில் கையின் உருட்டைச் சுற்றிக் குறுக்கே. சுண்ணாம்புச் சுவரில் நாலா பக்கமும் குட்டையாக. தரையில் கிடைமட்டமாக. எல்லா இடத்திலும் ஒரே திசையில் இழுத்தால் மழை பெய்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். முகத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள், கண்களைத் தொடவே வேண்டாம்.

இதில் நான் அதிக நேரம் செலவிடுவது விளிம்புகளில். நல்ல எண்ணெய் ஓவியம் ஒன்றை அருகில் போய்ப் பாருங்கள்: உருவத்தைச் சுற்றிய கோடு எல்லா இடத்திலும் ஒரே அழுத்தத்தில் இருக்காது. ஒளி படும் பக்கம் கூராகவும், நிழல் பக்கம் பின்னணியோடு கலந்தும் போகும். அப்பாயியின் வலது தோளும் பின்சுவரும் ஏறக்குறைய ஒரே இருட்டு. அங்கே விளிம்பை முழுவதும் கரைத்துவிட்டேன். தோள் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. பார்ப்பவரின் மனம் அதைத் தானாக முடித்துக்கொள்கிறது. இடது கன்னத்தின் விளிம்பை மட்டும் கூராக விட்டேன். அந்த ஒரு இடம் கூராக இருக்க, மற்ற இடங்கள் மென்மையாக வேண்டியிருக்கிறது. இதைக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. ஃபில்டர்கள் எதுவும் இதைச் செய்து தராது.

நிறம்

மூன்று நிறங்களைத் தேர்ந்துகொண்டு மற்றவற்றை அடக்குங்கள். எனக்கு: சேலையின் செங்கல் சிவப்பு, கீரையின் பச்சை, நிழலின் நீலச் சாம்பல். சிவப்பைக் காய்ந்த மிளகாய் நிறத்துக்கு ஏற்றினேன். கீரைப் பச்சையைச் சற்று மஞ்சள் பக்கம் தள்ளினேன். நாட்காட்டியின் பளிச்சென்ற நிறங்களைப் பாதியாகக் குறைத்தேன். வண்ணச் சமநிலையில் வெளிச்சப் பகுதிகளுக்குக் கொஞ்சம் மஞ்சளும் நிழல்களுக்குக் கொஞ்சம் நீலமும் சேர்த்தால் வெயில் சுடுவதும் நிழல் குளிர்வதும் தெரியும்.

படம் முழுவதும் பழுப்பு மஞ்சள் பூசி 'பழைய ஓவியம்' என்று சொல்வதை விட்டுவிடுங்கள். பழைய ஓவியங்களின் அந்த மஞ்சளில் பெரும்பங்கு, மேலே பூசிய பிசின் வார்னிஷ் நாள்பட்டு நிறம் மாறியது. துப்புரவு செய்தால் அடியிலிருந்து பளிச்சென்ற நீலமும் சிவப்பும் வெளிவருகின்றன. ஓவியர் தீட்டியதைப் பின்பற்ற வேண்டும், அதன்மேல் படிந்த அழுக்கை அல்ல.

தோல் நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மிடம் எடிட்டிங் என்றாலே முகத்தை வெளுப்பாக்குவது என்ற பழக்கம் ஊறிக் கிடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கறுத்த தோல் ஓவியத்துக்குப் பெரும் செல்வம். ஒளி படும் மேட்டில் செம்பு மினுங்கும். முற்றத்துத் திறப்பின் வழியே வரும் வானத்தின் நீலம் நிழல் பக்கக் கன்னத்தில் ஊதாவாகப் படியும். கும்பகோணத்துக்கு அருகிலிருந்து வந்து 2021-இல் கொரோனாவில் மறைந்த ஓவியர் இளையராஜாவின் எண்ணெய் ஓவியங்களைப் பாருங்கள். கறுத்த பெண்கள், கதவு வழியே வரும் வெளிச்சம், ஓட்டு வீடு. அவற்றைப் பார்த்தவர்கள் ஒளிப்படம் என்றே நினைத்தார்கள். நாம் எதிர்த்திசையிலிருந்து நடந்து அதே வாசலுக்கு வருகிறோம். அவர் தோலில் எங்கே எந்த நிறம் வைத்தார் என்று ஒரு மணி நேரம் உற்றுப் பார்ப்பது பத்து வீடியோ பாடங்களைவிடப் பயன் தரும்.

இழை, இடைவெளி, அச்சு

கித்தான் துணியின் இழையைப் படத்தின் மேல் போடும் ஃபில்டரை நான் பயன்படுத்துவதில்லை. ஓர் இழை வேண்டுமென்று தோன்றினால், சுண்ணாம்பு பூசிய பழைய சுவரைச் சாய்ந்த வெயிலில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, சாஃப்ட் லைட் முறையில் 10 சதவீதத்தில் மேலே வையுங்கள். கித்தான் துணியிலேயே அச்சிடப் போவதானால் அதுவும் வேண்டாம்.

பிறகு கோப்பை மூடிவிட்டு இரண்டு நாள் பார்க்காமல் இருங்கள். திறந்தவுடன் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிப்போன தவறுகள் புதிதாகத் தெரியும். அநேகமாக எல்லாம் கொஞ்சம் கூடுதலாகத் தோன்றும். கையால் தீட்டிய லேயரின் ஒளிபுகாத்தன்மையை 80 சதவீதத்துக்குக் குறைத்தால் பல நேரங்களில் சரியாகிவிடும்.

12-க்கு 18 அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 3600-க்கு 5400 பிக்சல் வேண்டும். இத்தகைய படத்தில் நுண் விவரம் குறைவு என்பதால் 200 புள்ளியிலும் அழகாக வரும். பளபளப்புத் தாளில் போடாதீர்கள். மேட் தாள், கிடைத்தால் பருத்திக் காகிதம். திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் படத்தை ஒருமுறை பாருங்கள். அச்சு அந்த அளவுக்கு இருண்டுதான் வரும்.

அச்சகத்தில் தானியங்கித் திருத்தம் எதுவும் வேண்டாம் என்று வாயாலும் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். என் முதல் அச்சை ஓர் இடத்தில் கொடுத்தபோது அங்கிருந்த இயந்திரம் நிழலைத் திறந்து, விளிம்புகளைக் கூராக்கி, தோலை வெளுத்துக் கொடுத்தது. மூன்று வாரம் கரைத்த தோள் மறுபடி கோடாக நின்றது. இரண்டாவது முறை முதலில் 6-க்கு 9 அங்குலத்தில் ஒரு சோதனை அச்சு எடுத்து, அதைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துத் திருத்திய பிறகே பெரியதைப் போட்டேன்.

லேயர்களோடு கூடிய கோப்பையும் தொடாத அசல் படத்தையும் வேறு வேறு இடங்களில் சேமித்து வையுங்கள். அச்சின் பின்புறம் மென்மையான பென்சிலால் நாள், இடம், உருவத்தில் இருப்பவர், என்ன மாற்றப்பட்டது ஆகியவற்றை எழுதுங்கள். அப்பாயி படத்தின் பின்னால் இப்படி எழுதியிருக்கிறேன்: வாளி, மின்கம்பி, ஸ்விட்ச் போர்டு நீக்கப்பட்டன, தரை வெயில் குறைக்கப்பட்டது, சேலைச் சிவப்பு கூட்டப்பட்டது, முகமும் கைகளும் அவருடையவை.